கந்தையும் கல்வியும்

நம் துறையின் மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு பேராசிரியப் பெருமக்கள் பணித்தபொழுது, நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினோம். ஆய்வுக் கட்டுரை எழுதும் அளவிற்கு நூலகத்தில் அமர்ந்து நெடுநாள் ஆயிற்று. கவிதையோ, மாணவப் பருவத்திலேயே எங்கள் கைக்கு அகப்படாமல் போயிற்று. எங்களிடம் சொல்வதற்கு உரியதாக இருப்பது ஒரு விரிப்பின் கதைதான். ஆறாம் வகுப்பு மாணவர் 34 பேரும் நாங்கள் இருவருமாகச் சேர்ந்து, ஆளுக்கு ஒரு துண்டுத் துணி கொணர்ந்து தைத்த ஒட்டுத்துணி விரிப்பு அது. மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணத்தால் அதனைத் தொடங்கினோம். முடிவில் கற்றவர்கள் நாங்களே. எங்கள் பிழையையும் மறைக்காமல் எழுதுவதே எங்களுக்குத் தமிழ் தந்த இத்துறைக்குச் செய்யும் கைம்மாறு எனக் கருதுகிறோம்.

இக்கல்லூரியில் தமிழிலக்கியம் பயின்று, பின்னர் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, மேலப்பாளையத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நாங்கள் பணியேற்றோம். தாமிரபரணிக்குத் தென்பால் அமைந்த அவ்வூர் ஒரு காலத்தில் கைத்தறிக்குப் பெயர் பெற்றது. வீட்டுக்கு வீடு தறியோசை கேட்கும் என்று முதியோர் இன்றும் கூறுவர். அவ்வோசை பெரிதும் அடங்கிவிட்டது. இன்று வாயிற்படியிலும் திண்ணையிலும் அமர்ந்து பெண்கள் பீடி சுற்றுகின்றனர். மடியில் ஒரு தட்டு. தட்டில் நறுக்கிய இலையும் தூளும் நூலும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனக் கூலி. எங்கள் மாணவருள் பலர் அத்தகைய வீடுகளிலிருந்து வருபவர். சிலருடைய தந்தையர் வளைகுடா நாடுகளில் உழைப்பவர். அண்டைத் தெருக்களைச் சேர்ந்த இந்து, கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளைகளும் அவ்வகுப்பில் இருந்தனர்.

2019 ஆம் ஆண்டு ஜூன் திங்களில், வகுப்பறையின் கிழக்குச் சுவரோரம் ஒரு மர அலமாரியை வைத்துச் சிறுவர் நூல்களை அடுக்கி, ‘வாசிப்பு மூலை’ எனப் பெயரிட்டோம். நூல்கள் இருந்தன, அமர்ந்து படிக்க இடம் செம்மையாக இல்லை. சிமெந்துத் தரை பெயர்ந்து சொரசொரப்பாகக் கிடந்தது. கோரைப்பாய் ஒன்று வாங்கி விரித்தோம். பத்தமடைப் பாயால் புகழ் பெற்ற மாவட்டம் எங்களுடையது. ஆயினும் எங்கள் கைப்பணத்திற்குக் கிடைத்தது மலிவான பாயே. பிள்ளைகள் ஏறி இறங்கியதில் இரண்டே திங்களில் நூல் அறுந்து, கோரை உதிர்ந்து, பாய் பாதியாயிற்று.

அப்பொழுதுதான் எங்களுள் ஒருவருக்கு வங்காளத்துக் ‘கந்தா’ நினைவிற்கு வந்தது. பழம்புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் இட்டு, அங்குள்ள பெண்கள் செய்யும் போர்வை அது. நாம் வழங்கும் ‘கந்தை’ என்னும் சொல்லும் அக்‘கந்தா’வும் வடமொழியின் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. நம்மிடம் அச்சொல் கிழிசலைக் குறிப்பதோடு நின்றுவிட்டது. வங்காளத்திலோ, கிழிசலைக் கொண்டு செய்த போர்வைக்கும் அதுவே பெயராயிற்று. மராட்டியர் ‘கோதடி’ தைப்பர். சிந்து நாட்டார் ‘ரல்லி’ தைப்பர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரின் வழியினராய், உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் ‘கவந்தி’ என்னும் போர்வையை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் பூ வைத்தே முடிப்பர். பழந்துணியைத் துணியாகவே மீட்டெடுக்கும் கலை நாடெங்கும் இருந்திருக்கிறது. நம் சிலப்பதிகாரமும் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தோரை எண்ணுமிடத்துத் துணி தைக்கும் துன்னகாரரை மறவாமல் எண்ணுகிறது அன்றோ? நம் வகுப்பும் ஒன்று தைத்தால் என்ன என்று எண்ணினோம்.

கணக்கு எளிதாக அமைந்தது. மாணவர் 34, ஆசிரியர் 2, ஆகத் துண்டுகள் 36. வரிசைக்கு 6 ஆக 6 வரிசை. ஒவ்வொரு துண்டும் 25 செ.மீ. சதுரமாக இருந்தால், நாற்புறமும் 1 செ.மீ. உள்வாங்கித் தைத்தபின் 23 செ.மீ. எஞ்சும், விரிப்பு 138 செ.மீ. சதுரமாக வரும். ஐந்தாறு பிள்ளைகள் நெருங்கி அமரப் போதும். அட்டையில் 25 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டி, ஒவ்வொருவரும் அதன் அளவைத் தாளில் வரைந்துகொள்ளச் செய்தோம். பிறகு வகுப்பை நோக்கி, ‘உங்கள் வீட்டில் வீணாகக் கிடக்கும் துணியில் இந்த அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவாருங்கள். அளவு தவறக் கூடாது’ என்றோம். சொல்லும்பொழுது அதில் பிழை இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் முதல் துணிகள் வரத் தொடங்கின. தந்தையின் பழைய கைலியிலிருந்து கட்டம் போட்ட துண்டு, அக்காளின் தாவணி, தம்பி வளர்ந்துவிட்டதால் அணியாத சட்டை, துபாயிலிருந்து வந்த மேசைவிரிப்பின் ஓரம், பழனிக்கு நடந்து சென்ற தந்தையின் பச்சை வேட்டி, தேவாலயத்தில் முதல் நற்கருணைக்குத் தைத்த வெள்ளைப் பாவாடையில் எஞ்சியது, தையற்காரரான மாமா கடையில் பொறுக்கிய, உள்ளங்கை அளவேயான ஐந்து துணுக்குகள். பருத்தியும் பாலியெஸ்டரும் பனியன் துணியுமாக, ஒன்றுக்கொன்று ஒவ்வாத குவியல் மேசைமேல் வளர்ந்தது. அளவு தவறியவற்றைத் திருப்பி அனுப்பினோம். உள்ளங்கைத் துணுக்குகளை ஏற்க மறுத்தோம். அட்டைச் சதுரம் எங்கள் கையில் நீதிக்கோல் போல் இருந்தது.

ஒரு மாணவன் கொணர்ந்தது கஞ்சி மணம் மாறாத புதிய வெள்ளைத் துணி. ‘எங்க வாப்பாவோட உம்மாவுக்குக் கபன் வெட்டுனதுல மிச்சம் டீச்சர்’ என்றான். வகுப்பு அடங்கிப்போயிற்று. அருகில் இருந்தவன் சற்று நகர்ந்து அமர்ந்தான். உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் தயக்கமே. பள்ளியின் அரபி ஆசிரியரிடம் சென்று கேட்டோம். வயது முதிர்ந்த அப்பெரியவர், ‘மையித்துக்கு உடுத்தியது போக மிஞ்சியது வெறும் புதுத்துணிதானே அம்மா. இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையின் கிழிசலைத் தாமே தைத்துக்கொண்டவர்கள். தைக்கிற வேலையைத் தயங்காமல் செய்யுங்கள்’ என்றார். பிறகு வகுப்பிற்கு வந்து, அத்துணியைத் தம் கையால் வாங்கி, முகர்ந்து பார்த்து, மேசைமேல் வைத்தார். அச்சம் தீர்ந்தது. அதனை எங்கே வைக்கலாம் என்று அவனையே கேட்டோம். நூல் அலமாரிப் பக்கத்து ஓரத்தில் வைக்கச் சொன்னான். தனக்குக் கதை சொன்னவர் அவர்தாம் என்றான்.

ஒன்பதாம் நாளாகியும் ஒரு மாணவியின் துண்டு மட்டும் வரவில்லை. நாள்தோறும் ‘நாளைக்கு டீச்சர்’ என்பாள். பத்தாம் நாள் கொணர்ந்தாள். மஞ்சள் நிறத்தில் அரக்குப் புள்ளியிட்ட சுங்குடித் துணி, பழுது ஏதும் இல்லாதது, 25 செ.மீ. சதுரம், மயிரிழையும் பிசகாமல். நாங்கள் மகிழ்ந்து அதனை வகுப்பிற்கு உயர்த்திக் காட்டி, ‘பாருங்கள், சொன்ன அளவில் சொன்னபடி கொண்டுவந்தவள் இவள் ஒருத்திதான்’ என்று பாராட்டினோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதனை நாணம் என்று எண்ணிக்கொண்டோம்.

எங்கள் பங்கு இரண்டு துண்டுகளையும் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று, சந்திப்புப் பக்கத்துக் கடையொன்றில் அரை மீட்டர் நீலத்துணி புதிதாக வாங்கி, அதிலிருந்து வெட்டிக்கொண்டோம். பிள்ளைகளிடம் வீட்டுத் துணி கேட்ட நாங்கள் எங்கள் வீட்டு அலமாரியைத் திறக்கவில்லை.

தைக்கத் தொடங்கினோம். எங்களுள் ஒருவரின் வீட்டு எந்திரத்தில் 36 துண்டுகளையும் இணைத்து, அடியில் காடாத்துணி வைத்துத் தைத்து, ஒருமுறை நனைத்துக் காயவைத்தோம். காய்ந்தபின் பார்த்தால் விரிப்பு பொரித்த அப்பளம் போல் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. புதிய பருத்தித் துணி நனைந்ததும் சுருங்கியது, பாலியெஸ்டர் சுருங்கவில்லை, பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் நீண்டது. இழையின் போக்கைப் பாராமல் குறுக்கே வெட்டிய துண்டுகள் கோணிக்கொண்டன. பச்சை வேட்டியின் சாயம் அருகிலிருந்த வெள்ளையில் இறங்கியது. அளவு ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒன்றாகிவிடும் என நம்பியிருந்தோம். அளவு ஒன்றுதான், துணியின் இயல்பு வேறு வேறு.

இந்நிலையில் ஒருநாள் மாலை, பள்ளி விடும் வேளையில், சுங்குடித்துணி கொணர்ந்த சிறுமியின் உம்மா வந்தார். கையில் ஒரு பை. பையிலிருந்து மஞ்சள் சேலை ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். இடுப்பில் செருகும் உள்தலைப்பின் மூலையில், வெட்டி எடுத்த சதுரம் ஒன்று சாளரம் போல் தெரிந்தது. வெட்டிய ஓரத்திலிருந்து இழை பிரிந்துகொண்டிருந்தது.

‘போன பெருநாளைக்கு அவ வாப்பா எடுத்துக் கொடுத்தது டீச்சர். வெளிய தெருவ போகக் கட்டுறதுக்கு எங்கிட்ட இது ஒண்ணுதான் உண்டு. நான் பாக்காத நேரமா உள்பக்கத்துல வெட்டியிருக்கா. கட்டுனா வெளியே தெரியாதுன்னு நெனச்சிருக்கா’ என்றார்.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

‘மன்னிச்சிடுங்கம்மா. எங்களுக்குத் தெரியாது. வீணாக் கெடக்குற துணியைத்தான் கொண்டுவரச் சொன்னோம்’ என்றோம்.

அவர் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். ‘அதைத்தான் அவளும் சொன்னா. எங்க வீட்டுல வீணாக் கெடக்குற துணி எது டீச்சர்?’

அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. பின்னர் ஓரிரவு முழுதும் அதனை எண்ணினோம். வசதியுள்ள வீட்டில் சேலை கிழிந்தால் அது பழந்துணி, மூட்டையில் போய்விடும். அவ்வீட்டிலோ கிழிந்த சேலை பிள்ளைக்குத் தொட்டிலாகும். தொட்டில் நைந்தால் பச்சிளங் குழந்தைக்கு இடுப்புத் துணியாகும். அதுவும் நைந்தால் அடுப்பங்கரையில் பானை இறக்கும் கைப்பிடித் துணியாகும். இறுதியில் விளக்குக்குத் திரியாகி எரிந்து தீரும். எந்த நிலையிலும் அது வீணாகக் கிடப்பதில்லை. மிச்சம் என்பது போதுமான அளவு இருப்போர் வீட்டில் மட்டுமே உண்டாவது. அதனை 34 பிள்ளைகளிடமும் சமமாகக் கேட்டோம். அட்டைச் சதுரத்தால் அளந்தும் பார்த்தோம். கொடுக்க ஒன்றும் இல்லாத பிள்ளை, இல்லை என்று சொல்ல நாணி, உம்மாவின் ஒரே நல்ல சேலையை வெட்டியிருக்கிறாள். அதற்கு நாங்கள் வகுப்பின் முன் பாராட்டும் வழங்கியிருக்கிறோம்.

பொருநராற்றுப்படையை இத்துறையின் வகுப்பறையில்தான் பயின்றோம். தன்னை நாடி வந்த பொருநனின் ஆடையைக் கரிகாற் பெருவளத்தான் களையச் செய்து, பாம்பின் உரி போன்ற மெல்லிய உடையைத் தருகிறான். களைந்த அவ்வாடை ஈரும் பேனும் குடியிருந்தது, வேர்வையில் நனைந்தது, தன் இழையல்லாத வேறு இழைகள் ஊடுருவத் தைக்கப்பட்டது என்று முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். தேர்வில் இதனை மன்னனின் கொடைக்குச் சான்றாக எழுதி மதிப்பெண் பெற்றோம். அந்தக் கந்தையில் வேற்றிழையைக் கோத்த கை யாருடையது என்று அன்று கேட்கவில்லை. கிழிந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், அனேகமாக அவன் மனைவியோ தாயோ, விளக்கொளியில் அமர்ந்து அதனைத் தைத்திருக்க வேண்டும். புலவர் அந்த இழையைக் கண்டிருக்கிறார். நாங்கள் அட்டைச் சதுரத்தை மட்டுமே கண்டோம்.

மீண்டும் அம்மாலைக்கு வருவோம். ‘அந்தத் துண்டைப் பிரிச்சுத் தந்திடுறோம்’ என்று சொல்லி, அலமாரியிலிருந்து விரிப்பை எடுத்து விரித்தோம். அவர் குனிந்து, தம் சேலைத் துண்டைத் தேடிக் கண்டு, அதன் தையலை விரலால் தடவினார்.

‘பிரிச்சா இழையோட வந்திரும். அது அங்கயே இருக்கட்டும். இன்னொரு தடவ கேக்கும்போது, இருந்தாக் கொண்டுவாங்க, இல்லாட்டா வேண்டாம்னு சொல்லுங்க. அது போதும்’ என்றார். பிறகு விரிப்பின் மேடு பள்ளத்தைப் பார்த்துவிட்டு, ‘இதை யாரு தச்சா?’ என்று கேட்டார்.

நாங்கள்தாம் என்றோம். முதன்முறையாகச் சிரித்தார்.

அவர் முன்னர் மிதி எந்திரம் ஒன்று வைத்து அண்டை வீடுகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவர் என்பதும், கணவர் நோயுற்ற காலத்தில் அதனை விற்றுவிட்டுப் பீடித்தட்டை எடுத்தவர் என்பதும் அன்றுதான் தெரிந்தன. விரிப்பை முழுதும் பிரிக்க வேண்டும் என்றார். எல்லாத் துணியையும் முதலில் தனித்தனியே நனைத்துச் சுருங்கவிட வேண்டும். சாயம் போகும் துணியை, நீர் தெளியும் வரையில் அலச வேண்டும். பனியன் துணிக்கும் சேலைத் துணிக்கும் அடியில் பருத்தித் துண்டு ஒட்டுக் கொடுத்தால் அவை நீளா. மேல்துணி, நடுவில் பழந்துணி, அடித்துணி என மூன்றையும் தரையில் இழுத்து விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீளத் தையலால் பிடித்துக்கொண்டு, அதன் பின்னரே நெருக்கமாக ஓட்டுத்தையல் போட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து கூடும். இவற்றையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் மாணவியரைப் போல் குறித்துக்கொண்டோம்.

நான்கு நாள் பிற்பகல்களில் வந்து பிள்ளைகளுக்குத் தைக்கக் கற்றுக்கொடுக்க இசைந்தார். அந்நேரத்தில் பீடி சுற்றினால் வரக்கூடிய கூலியை நாங்கள் தர முன்வந்தபொழுது, ‘வேலைக்குக் கூலி; வாங்கிக்கிறேன்’ என்று பெற்றுக்கொண்டார். சேலைக்கு மாற்றாகப் புதுச்சேலை எடுத்துத் தருகிறோம் என்றபொழுது மறுத்துவிட்டார். ‘உங்க பழைய சேலை ஏதாவது இருந்தா ஒரு துண்டு தாங்க. இந்த மூலையை அடைச்சுக்கிறேன்’ என்றார். எங்களுள் ஒருவர், இக்கல்லூரியில் பட்டமளிப்பு நாளில் உடுத்திய அரக்குநிறப் பருத்திச் சேலையின் உள்தலைப்பிலிருந்து ஒரு சதுரம் வெட்டிக்கொடுத்தார். அவர் அதனை எங்கள் கண்முன்னே தம் மஞ்சள் சேலையின் மூலையில் வைத்துத் தைத்தார். கட்டினால் அது வெளியே தெரியாது.

அதே சேலையிலிருந்து இன்னொரு துண்டும், மற்றவரின் மறைந்த தாயார் உடுத்திய சேலையிலிருந்து ஒரு துண்டும் வெட்டி, கடையில் வாங்கிய நீலத்துணிகளை நீக்கிவிட்டு அங்கே வைத்தோம். முன்னர் மறுத்த உள்ளங்கைத் துணுக்குகளையும் கேட்டு வாங்கி, ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு சதுரமாக்கினோம். சாயம் இறங்கிய வெள்ளைத் துண்டை மாற்றலாமா என்று அதற்குரிய சிறுமியைக் கேட்டோம். ‘பச்சை நல்லாத்தான் இருக்கு டீச்சர், இருக்கட்டும்’ என்றாள். அவளும் வேட்டித்துண்டு கொணர்ந்தவனும் அந்த இடத்தில் சேர்ந்தே தையல் போட்டனர். ஊசி குத்தாத விரல் அவ்வகுப்பில் ஒன்றும் இல்லை. சிலருடைய தையல் எறும்பு ஊர்வது போலவும், சிலருடையது தவளை தாவுவது போலவும் சென்றது. குழந்தைகள் நாளுக்கு முந்திய நாள் விரிப்பு முடிந்தது. மேடு பள்ளம் இல்லை. வண்ணம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவும் இல்லை.

பிள்ளைகள் அதில் அமர்ந்து படித்தனர். காய்ச்சல் கண்ட பிள்ளையை அதில்தான் படுக்கவைத்தோம். சில திங்களே அவ்வாறு சென்றன. 2020 மார்ச்சில் பெருந்தொற்று காரணமாகப் பள்ளிகள் மூடப்பெற்றன. விரிப்பை மடித்து, வேப்பிலை இட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று மீண்டும் திறக்கப்பெற்றன. ஆறாம் வகுப்பில் எங்களைப் பிரிந்தவர்கள் எட்டாம் வகுப்பினராக வந்து நின்றனர். அலமாரியைத் திறந்தோம். எலி ஒரு மூலையைக் கடித்திருந்தது. விரித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து தத்தம் துண்டின்மேல் நின்றுகொண்டனர். அப்பொழுது மூன்று சதுரங்கள் வெறுமையாக இருந்தன. வருகைப் பதிவேட்டில் பெயரைக் கூப்பிட்டு ‘வரவில்லை’ என்று குறிப்பது ஒன்று. ஒருவர் நிற்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடப்பதைக் காண்பது வேறு. இருவர் குடும்பத்தோடு வெளியூர் சென்றுவிட்டனர் என அறிந்தோம். மூன்றாவது வெற்றிடம் மஞ்சள் சுங்குடி.

அன்று மாலையே அவ்வீட்டிற்குச் சென்றோம். வழி எங்களுக்குத் தெரியும். திண்ணையில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று உம்மாவின் மடியில். மற்றொன்று மகளின் மடியில். எங்களைக் கண்டதும் அவள் தட்டைப் பின்னால் மறைத்தாள்.

‘அவ வாப்பாவுக்கு மருந்துச் செலவு கூடிட்டு டீச்சர். ரெண்டு பேருமாச் சுத்துனாத்தான் ஓடுது’ என்றார் உம்மா.

6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி உரிமை என 2009 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதனை நாங்கள் அறிவோம். அவரும் அறியாதவர் அல்லர். ஆயினும் அந்தத் திண்ணையில் அமர்ந்து சட்டத்தை எடுத்து ஓதுவதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை. இல்லாத வீட்டில் போய் இருப்பதைக் கேட்கும் பிழையை ஒருமுறை செய்தவர்கள் அல்லவா நாங்கள்? ஆதலால் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று முதலில் கேட்டோம். மருந்துக்கு மாதம் எவ்வளவு, மகளின் தட்டிலிருந்து எவ்வளவு என்று கணக்கிட்டோம். ஊர்ப் பெரியவர் சிலரைக் கண்டு பேசினோம். மருந்துச் செலவில் ஒரு பகுதியை அவர்கள் ஏற்றனர். பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு நடுவணரசின் தொழிலாளர் நலப்பிரிவு வழங்கும் கல்வி உதவித்தொகை உண்டு. உம்மாவிடம் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தும் அவர்கள் விண்ணப்பித்ததில்லை. அவ்விண்ணப்பத்தை நாங்களே அமர்ந்து நிரப்பினோம். எஞ்சிய குறையை உம்மா தம் தட்டில் ஏற்றுக்கொண்டார். அதாவது, இரவில் இன்னும் ஒரு மணி நேரம். இரண்டு வாரம் கழித்துச் சிறுமி பள்ளிக்கு வந்தாள். அவளோடு உம்மாவும் வந்தார். எலி கடித்த மூலைக்கு ஒட்டுப் போட வேண்டும் என்று நாங்கள் சொல்லியிருந்தோம்.

அச்சேலை எங்களுக்கு ஒரு வீட்டின் வாயிலைக் காட்டியது. அன்று அவர் பையோடு வந்து அக்கேள்வியைக் கேட்டிராவிடில், வரவில்லை என்று மூன்று பெயர்களுக்கு எதிரே குறித்துவிட்டு நாங்கள் அடுத்த பாடத்திற்குச் சென்றிருப்போம். வகுப்பில் 34 பேர் என எண்ணுகிறோம். ஒரே நூல், ஒரே தேர்வு, ஒரே அளவுகோல். அவர்கள் வரும் வீடுகளோ, பருத்தியும் பாலியெஸ்டரும் போல, நனைந்தால் வெவ்வேறாகச் சுருங்குபவை. அதனை அறியாமல் தைத்த தையல் முதல் நனைப்பிலேயே கோணிப்போகும். இதனைத் தமிழிலக்கியம் எங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தது. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஒரு தாய் மீண்டும் ஒருமுறை சொன்ன பிறகே அது விளங்கியது.

அவ்வகுப்பினர் 2022 இல் எங்கள் பள்ளியை விட்டு உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்றனர். சுங்குடித்துணி கொணர்ந்தவள் 2024 இல் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற செய்தியைத் தானே வந்து சொன்னாள். வந்தவள் வாசிப்பு மூலைக்குச் சென்று தன் துண்டைப் பார்த்துவிட்டே போனாள். விரிப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஓரம் நைகிறது; ஆண்டுதோறும் அந்த உம்மா வந்து ஓரம் தைத்து, தம் கூலியைப் பெற்றுச் செல்கிறார். புதிதாக வரும் பிள்ளைகள் வெள்ளைத் துணி யாருடையது, பச்சை ஏன் வெள்ளையில் இறங்கியிருக்கிறது என்று கேட்கின்றனர். தெரிந்த அளவிற்குச் சொல்கிறோம்.

அட்டைச் சதுரத்தை எறிந்துவிட்டோம். வகுப்பில் எதனைக் கொண்டுவரச் சொன்னாலும், ‘இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் எங்களிடம் தனியே வந்து சொல்லுங்கள்’ என்று சொல்கிறோம். தனியே வந்து சொல்லும் பிள்ளைகள் ஆண்டுக்கு இருவரோ மூவரோ உண்டு. அவர்களுடைய வீட்டிற்கு அந்த வாரமே செல்கிறோம்.